பெயர்ச்சீட்டும் பல்வரிசையும்

இயற்பியல் கற்பிக்கும் ஒருவனுக்கு வௌவாலைப் பற்றி எழுத என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஒலியியல் பாடத்தில் எதிரொலி வரும்போது வௌவாலை ஓர் உதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுபவர்கள் நாங்கள். ஆயினும் அளந்து அறிந்தது எது, ஊகித்துச் சொன்னது எது என்று பிரித்துப் பார்ப்பது எங்கள் அன்றாட வேலை. அந்த ஒரு கருவியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, புகழ்பெற்ற ஒரு வகைப்பாட்டை இங்கே உரசிப் பார்க்க விரும்புகிறேன்.

அந்த வகைப்பாடு 1972-ஆம் ஆண்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. எழுதியவர் தாய்லாந்து நாட்டு விலங்கியல் அறிஞர் கிட்டி தோங்லோங்யா. தென்னிந்தியக் காட்டில் வாழும், இரவில் மட்டுமே வெளிவரும் ஒரு பழந்தின்னி வௌவாலுக்கு அவர் ‘லாட்டிடென்ஸ் சலீமாலியை’ என்று பெயர் சூட்டினார். அது புதிய இனம் என்று சொன்னதோடு அவர் நிற்கவில்லை. புதிய பேரினம் என்றும் சொன்னார். சிங்கமும் புலியும் வெவ்வேறு இனங்களாயினும் ‘பாந்திரா’ என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். அப்படி அருகே வைக்க உடன்பிறப்பு எதுவுமே இல்லாத தனி வௌவால் இது என்பது கிட்டியின் முடிவு.

இவ்வளவு பெரிய முடிவுக்கு அவர் கையில் இருந்த சான்று என்ன? பாடம் செய்யப்பட்ட ஒரே ஓர் உடல், அதன் மண்டையோடு. அவ்வளவுதான். ஒரே ஓர் அளவீட்டை எடுத்துக்கொண்டு ஒரு விதியை எழுதிவரும் மாணவனை நான் ஆய்வுக்கூடத்திலிருந்து திருப்பி அனுப்பிவிடுவேன். கிட்டியை மட்டும் எப்படி ஏற்றுக்கொள்வது? இக்கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

24 ஆண்டுகள் தவறான பெயரில்

முதலில் கதையைப் பார்ப்போம். அன்றைய மதுரை மாவட்டத்தில், இன்றைய தேனி மாவட்டத்தில், மேகமலை இருக்கிறது. அலையலையாய் எழும்பும் அதன் முகடுகளைப் பார்த்து ஆங்கிலேயர் இட்ட ‘ஹைவேவிஸ்’ என்ற பெயரும் அங்கே வழங்குகிறது. அம்மலையில் தோட்ட அதிகாரியாக இருந்த ஆங்கஸ் ஹட்டன் என்பவர் இயற்கை ஆய்விலும் ஈடுபாடு கொண்டவர். 1948-இல் அவர் அங்கே ஒரு வௌவாலைப் பிடித்தார். அதன் உடல் பாடம் செய்யப்பட்டுப் பம்பாய்க் கழகத்தின் சேகரிப்புக்குச் சென்றது. மறு ஆண்டு, 1949-இல், அம்மலையின் பாலூட்டிகளைப் பற்றி ஹட்டன் அக்கழகத்தின் இதழிலேயே எழுதினார்.

சேகரிப்பில் அந்த உடலுக்குக் கட்டப்பட்ட பெயர்ச்சீட்டு அதனைக் குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால் என்றது. இந்த வௌவால் நமக்கு அந்நியமானதன்று. கொய்யா பழுத்தால் தேடி வருவதும், நெட்டிலிங்க மரத்தின் தொங்கும் கிளைகளுக்குள் மறைவிடம் அமைத்துக் கொள்வதும் இதுவே. ஏறத்தாழ அதே பருமன், அதே பழுப்பு நிறம், நாயை நினைவூட்டும் அதே முகம். ஆகவே மேகமலை வௌவாலும் அதுவே என்று கருதப்பட்டது. 24 ஆண்டுகள் அந்த உடல் அப்பெயரோடு இழுப்பறைக்குள் கிடந்தது.

யாரும் ஏமாற்றவில்லை; யாரும் சோம்பியிருந்தார்கள் என்றும் சொல்வதற்கில்லை. எதிர்பார்ப்பு கண்ணை மறைத்தது. இது எப்படி நடக்கும் என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். ஒருமுறை தனி ஊசல் சோதனையில் ஒரு மாணவர் புவியீர்ப்பு முடுக்கத்தை ஐந்து முறையும் 980 என்றே எழுதிவந்தார். நம் பகுதியில் உண்மை அளவு 978-ஐ ஒட்டித்தான் இருக்கும். மேலும் அவர் நூலைக் குண்டின் மையம் வரை அளக்காமல் கொக்கி வரை மட்டுமே அளந்திருந்தார். அந்த அளவுக்கு 980 வந்திருக்கவே முடியாது. விடை முன்கூட்டியே தெரிந்திருந்ததால் கை அதையே எழுதியது. அவரைக் கண்டிக்க வாய் திறந்தேன். குறிப்பேட்டை முந்தைய பக்கத்துக்குத் திருப்பியபோது, அதே கொக்கிக் கணக்குக்குக் கீழே என் கையெழுத்து இருந்தது! விடை சரியாக இருந்ததால் நானும் வழியைப் பார்க்காமல் ஒப்பமிட்டிருக்கிறேன். வாயை மூடிக்கொண்டேன்.

பெயர்ச்சீட்டும் இப்படிப்பட்ட ஒரு கையெழுத்துதான். ஒருவர் எழுதியதை அடுத்தவர் அளந்த முடிவாக எடுத்துக்கொள்கிறார்.

பல் சொன்ன சாட்சி

கிட்டி செய்தது என்ன? பெயர்ச்சீட்டை ஒதுக்கிவிட்டு மண்டையோட்டைப் பார்த்தார். குட்டைமூக்கு வௌவாலுக்கு மேல்தாடையில் இரண்டு ஜோடி, கீழ்த்தாடையில் இரண்டு ஜோடி வெட்டுப்பற்கள் உண்டு. இந்த வௌவாலுக்கோ மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி மட்டுமே. கடைவாய்ப் பற்கள் அகன்று பரந்திருந்தன. ‘லாட்டிடென்ஸ்’ என்ற இலத்தீன் பெயருக்கு ‘அகன்ற பல்’ என்பதே பொருள். குட்டைமூக்கு வௌவாலுக்கு ஏறக்குறைய ஒரு செ.மீ. நீளத்தில் சிறு வால் வெளியே தெரியும். இதற்கு வெளித்தெரியும் வாலே கிடையாது.

விலங்கியலார் பல்லின்மேல் ஏன் இவ்வளவு நம்பிக்கை வைக்கிறார்கள்? காரணம் எளியது. பாடம் செய்யும்போது தோல் சுருங்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல உரோமத்தின் நிறம் மாறும். பஞ்சடைப்பவரின் கைக்கேற்ப உடலின் வடிவமும் மாறும். பற்களின் எண்ணிக்கையோ அப்படியே இருக்கும். வெப்பநிலை ஏறியிறங்கும் அறையில், அதிகமாக விரியும் அளவுகோலைவிடக் குறைவாக விரியும் கோலை நாங்கள் விரும்புவது போன்றதுதான் இது. கருவி மாறினாலும் மாறாத அளவைத் தேர்ந்தெடுப்பது அறிவியலின் முதல் ஒழுக்கம்.

இப்போது என் ஆட்சேபத்துக்கு வருகிறேன். அந்த ஒரு வௌவாலுக்குப் பற்கள் விழுந்திருக்கலாமே! பிறவியிலேயே குறையுள்ள ஒன்றாக இருந்திருக்கலாமே! ஆறு விரலோடு ஒரு குழந்தை பிறந்தால் புதிய மனித இனம் தோன்றிவிட்டது என்று யாராவது சொல்வார்களா?

ஆட்சேபம் வலுவானதே. ஆனால் அதை எண்ணிப் பாருங்கள். விழுந்த பல் பெரும்பாலும் எலும்பில் ஒரு குழியையோ வடுவையோ விட்டுச் செல்லும். மேலும் கீழும், இடமும் வலமும் ஒரே ஒழுங்கில் பற்கள் குறைவது தற்செயலாக நேர்வது அரிது. அதோடு வாலும் இல்லை. கடைவாய்ப் பற்களின் அமைப்பும் வேறு. ஒரு பேச்சுக்கு, இவற்றில் ஒவ்வொரு குறையும் நூற்றில் ஒன்றுக்கு நேரக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் ஒன்றையொன்று சாராதவையானால், ஒரே உடலில் மூன்றும் சேர்ந்து வர வாய்ப்பு பத்து இலட்சத்தில் ஒன்று. அவை முற்றிலும் சாராதவை என்று நிரூபிக்க இயலாது என்பது உண்மை. அதனால் இக்கணக்கை வழிகாட்டியாகக் கொள்ளலாமே தவிர, முடிவாகக் கொள்ளக்கூடாது.

ஆக, கிட்டியின் கையில் இருந்தது ஓர் உடல். ஆனால் ஓர் அளவீடு அன்று. என் மாணவன் ஒரே அளவை ஐந்து முறை எழுதினான். கிட்டி ஐந்து வெவ்வேறு அளவுகளை ஒரே பொருளில் எடுத்தார். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. இது புதிய இனம் என்று சொன்ன அளவில் அவருடைய தீர்ப்பு பிழையற்றது என்றே நான் கருதுகிறேன்.

இயற்கையும் அதையே சொன்னது. 1993-இல் இங்கிலாந்தின் ஹாரிசன் விலங்கியல் காட்சியகத்தைச் சேர்ந்தவர்கள் பங்கேற்ற ஆய்வில் இந்த வௌவால் மேகமலைப் பகுதியில் மீண்டும் பிடிபட்டது. பின்னர் களக்காடு–முண்டந்துறைக் காடுகளிலும், கேரளத்தின் பெரியாறு பகுதியிலும் காணப்பட்டது. அதே பல்வரிசை, அதே வாலின்மை. ஒற்றைச் சாட்சியின் வாக்குமூலத்தை மற்றச் சாட்சிகள் உறுதி செய்தன.

ஏற்கத் தக்கதும் ஐயத்துக்குரியதும்

ஆயினும் பாராட்டோடு நிறுத்திக்கொள்வது விமரிசனம் ஆகாது. இரண்டு குறைகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, ‘புதிய இனம்’ என்பதும் ‘புதிய பேரினம்’ என்பதும் ஒரே தன்மையுள்ள கூற்றுகள் அல்ல. இனம் என்பதைச் சோதித்துப் பார்க்கலாம்: காட்டுக்குச் சென்று, இத்தகைய உயிர்கள் தமக்குள் இணைந்து தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனவா என்று ஆராயலாம். பேரினத்துக்கு அப்படிப்பட்ட சோதனை இல்லை. எவ்வளவு வேறுபட்டால் தனிப் பேரினம் என்பதை அறிஞர்கள் கூடி வழக்காக்கிக் கொள்கிறார்கள். நீர் கொதிப்பது இயற்கை. அந்த வெப்பத்துக்கு 100 என்று எண்ணிட்டது நாம். லாட்டிடென்ஸ் என்ற பேரினத்தில் இன்றும் ஒரே ஓர் இனம்தான் இருக்கிறது. அதைத் தனித்து வைப்பது ஏற்கத்தக்க முடிவுதான். ஆனால் அது கண்டுபிடிப்பு அன்று, முடிவு. நம் வகுப்புகளில் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. வரிசை, குடும்பம், பேரினம், இனம் என்று படிக்கட்டு வரைந்து, எல்லாப் படியும் இயற்கையே செதுக்கியது போலக் கற்பிக்கிறோம்.

இரண்டாவது, ஓர் உடல் சொல்ல முடியாதவை பல. அது என்ன தின்கிறது, எங்கே தங்குகிறது, எத்தனை எஞ்சியிருக்கின்றன? 1972 முதல் 1993 வரை 21 ஆண்டுகள் இந்த வௌவாலுக்குப் பெயர் இருந்தது. வாழ்க்கை வரலாறு இல்லை. பெயரிட்டவரின் குற்றமன்று இது. பெயர் கிடைத்ததுமே அறிந்துவிட்டோம் என்று எண்ணிக்கொள்ளும் நம் குற்றம். மலைக் குகைகளில் தங்குகிறது, காட்டுப் பழங்களைத் தின்கிறது என்பன போன்ற எளிய செய்திகள்கூட, ஆய்வாளர்கள் இரவுகளில் காட்டில் வலை கட்டிக் காத்திருந்த பிறகே கிடைத்தன.

இங்கே பம்பாய்க் கழகத்தைப் பற்றியும் ஒரு சொல். தவறான சீட்டோடு வைத்திருந்தார்கள் என்று குறை கூறுவது எளிது. ஆனால் வைத்திருந்தார்கள்! அந்த உடலை எறிந்திருந்தால் திருத்துவதற்கு எதுவுமே இருந்திராது. திருத்தத்தையும் தம் இதழிலேயே அச்சிட்டார்கள். அக்கழகத்தோடு வாழ்நாள் முழுதும் இணைந்திருந்த பறவையியல் அறிஞர் சலீம் அலியின் பெயர் இந்த வௌவாலுக்கு அமைந்தது பொருத்தமே.

இன்னும் பெரிய இழுப்பறை

இழுப்பறைக்குள் ஒரு வௌவால் தவறான பெயரில் கிடந்தது சிறு பிழை. வௌவால்கள் அனைத்தையும் அடுக்கிவைத்த அலமாரியே தவறாக இருந்தால்?

1,400-க்கு மேற்பட்ட வௌவால் இனங்களை இதுவரை அறிந்திருக்கிறோம். 1875-இல் டாப்சன் என்ற அறிஞர் வௌவால்களைப் பெருவௌவால், சிறுவௌவால் என்று இரண்டாகப் பிரித்தார். பழந்தின்னிகள் முதல் பிரிவு. எதிரொலியால் வழியறியும் மற்றவை இரண்டாம் பிரிவு. நூறாண்டுக்கு மேல் இதையே எல்லோரும் படித்தோம். இன்றும் பலர் இதையே கற்பிக்கிறோம்.

இப்பிரிவு ஒலியியலுக்கு வசதியானது. அதனால் எனக்கும் பிடித்தமாக இருந்தது. பூச்சியை வேட்டையாடும் வௌவால் நம் செவிக்கு எட்டாத ஒலியை எழுப்புகிறது. அதிர்வெண் 50,000 ஹெர்ட்ஸ் என்று கொண்டால், ஒலியின் வேகமான விநாடிக்கு 340 மீட்டரை அதனால் வகுக்க, அலைநீளம் 6.8 மி.மீ. என்று வருகிறது. ஒரு சிறு பூச்சியின் உடலளவு! அலைநீளம் பொருளின் அளவை ஒத்தோ அதைவிடக் குறைந்தோ இருந்தால்தான் எதிரொலி நன்கு திரும்பும். பழந்தின்னிகளில் பெரும்பாலானவை இந்த வித்தையை அறியா. பெரிய கண்களையும் மோப்பத்தையும் நம்புகின்றன. ஆகவே பாடுவது ஒரு குலம், பார்ப்பது மற்றொரு குலம் என்று பிரிப்பது இயல்பாகவே பட்டது.

2000-ஆம் ஆண்டையொட்டி வெளிவரத் தொடங்கிய மரபணு ஆய்வுகள் இதைக் கலைத்துவிட்டன. எதிரொலியைக் கொண்டு அற்புதமாக வேட்டையாடும் குதிரைலாட வௌவால், மற்றச் சிறுவௌவால்களைவிடப் பழந்தின்னிகளுக்கே நெருங்கிய உறவு என்று தெரிந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் கிட்டி தோங்லோங்யா தாய்லாந்தில் கண்ட மற்றொரு வௌவால், ஏறத்தாழ 2 கிராம் எடை மட்டுமே கொண்டது. 1974-இல் கிட்டி மறைந்தார். அதே ஆண்டில் ஆங்கிலேய அறிஞர் ஹில் அவ்வௌவாலுக்கு அவர் பெயரையே சூட்டினார். உலகின் மிகச் சிறிய பாலூட்டிகளுள் ஒன்றான அதுவும் இப்போது பழந்தின்னிகள் இருக்கும் கிளையிலேயே வைக்கப்படுகிறது. ‘பெரியது, சிறியது’ என்ற பிரிவினைக்கு இதைவிடக் கடுமையான மறுப்பு வேண்டுமா?

அப்படியானால் எதிரொலி வித்தை வௌவால்களின் முன்னோருக்கே இருந்து, பழந்தின்னிகள் அதை இழந்துவிட்டனவா? அல்லது இரு கிளைகளில் தனித்தனியே தோன்றியதா? அறிஞர்கள் இன்னும் வாதிட்டுக் கொண்டிருக்கிறார்கள். எனக்குக் கிடைத்த பாடம் வேறு. எது எனக்குக் கற்பிக்க வசதியோ, அதையே இயற்கையின் பிரிவு என்று நானும் இத்தனை நாள் நம்பினேன். மேகமலை வௌவாலுக்குச் சீட்டுக் கட்டியவரும் அதைத்தானே செய்தார்?

பெயரால் உயிர் போகும்

“வௌவால் எந்தப் பெயரில் இருந்தால் என்ன?” என்று நீங்கள் கேட்கக்கூடும். இதற்கும் 1972-ஆம் ஆண்டே விடை சொல்கிறது.

கிட்டியின் கட்டுரை வெளிவந்த அதே 1972-இல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் ஐந்தாம் அட்டவணை, தீங்கு செய்யும் உயிர்களின் பட்டியல். காகம், எலி ஆகியவற்றோடு அதில் ‘பழந்தின்னி வௌவால்கள்’ என்ற சொல்லும் இடம்பெற்றது. எந்தப் பழந்தின்னி என்று பிரிக்கவில்லை. அப்பட்டியலில் உள்ள உயிரைக் கொல்வதற்குத் தடை கிடையாது. அறிவியல் இந்த வௌவாலைத் தனியாகப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்த ஆண்டில், சட்டம் அதைக் கூட்டத்தோடு சேர்த்துத் தீயவை என்று எழுதியது!

பின்னர் சலீம் அலி வௌவால் முதல் அட்டவணைக்கு, புலிக்கும் யானைக்கும் உரிய பாதுகாப்புக்கு, உயர்த்தப்பட்டது. நல்லதே. ஆனால் அதன் உறவினங்கள் பழைய பட்டியலிலேயே தங்கின. 2022-இல் செய்யப்பட்ட திருத்தம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோதுதான் அந்த ஐந்தாம் அட்டவணை ஒழிந்தது. இடைப்பட்ட காலத்தை எண்ணிப் பாருங்கள். ஒன்றைக் கொன்றால் சிறை; ஒன்றைக் கொன்றால் கேள்வியில்லை. இரண்டையும் பிரித்தறிய வெட்டுப்பற்களை எண்ண வேண்டும். இருட்டில் தோட்டத்துக்கு மேல் பறக்கும் வௌவாலின் பல்லை யார் எண்ணுவது?

கூட்டுப் பெயரில் இன்னொரு அநீதியும் உண்டு. பழம் தின்பதால் தீயவை என்று எழுதப்பட்ட இவ்வௌவால்கள்தாம் இலுப்பைப் பூவுக்கு மகரந்தம் சுமக்கின்றன. காட்டு விதைகளைத் தொலைவில் கொண்டுபோய்த் தூவுகின்றன. நம் நாட்டில் சில ஊர்களில் மரத்தில் தொங்கும் வௌவால்கள் கலைந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சட்டப் பட்டியல் ஒற்றைச் சொல்லில் தள்ளியதை அவ்வூர் மக்கள் தினமும் பார்த்து வேறு விதமாக வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.

மாணவ நண்பர்களே, உங்கள் புத்தகத்தில் வகைப்பாட்டு அட்டவணை வரும்போது அதை மனப்பாடம் செய்யுங்கள். தேர்வுக்கு அது வேண்டும். ஆனால் ஒவ்வொரு கட்டத்தின் எதிரிலும் பென்சிலால் ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள்: இதை யார் அளந்தார்கள், எதை அளந்தார்கள்? விடை கிடைத்தால் அது அறிவு. கிடைக்காவிட்டால், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு பெயர்ச்சீட்டு மட்டுமே. அதற்கு அடியில் எந்த வௌவால் கிடக்கிறதோ, பல்லை எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.